விருப்பம் என்று நான் மொழிபெயர்த்த நாள்

ஸ்காபரோ கிளினிக் ஒன்றில் மெடிக்கல் இன்ரர்பிரிட்டராக, டொக்டருக்கும் நோயாளிக்கும் நடுவில் மொழிபெயர்ப்பவளாக, எனக்கு அன்று முதல் நாள். பயிற்சியில் ஈரல், கணையம், சிறுநீரகம் எல்லாவற்றுக்கும் அழகான தமிழ் கற்றுத் தந்திருந்தார்கள். உடம்பில் காமம் என்று ஒன்று இருப்பதை மட்டும் மறந்துவிட்டார்கள். கனடாவில் தமிழ்ப் பிள்ளைகள் தபாலில் வருகிறார்கள் என்று நினைத்தார்களோ என்னவோ.

வந்தவர்கள் ஒரு தம்பதி. கணவருக்கு மிசிசாகாவில் கார்கோ வேலை. மனச்சோர்வுக்கு ஆறு மாதமாகக் குளிசை எடுக்கிறார். இப்போது அதை நிறுத்தப் போகிறாராம். காரணம் சொல்கிறார் இல்லை. குளிசைக்கு முன் அவர் சுவரைப் பார்த்தபடி கிடந்த நாட்களை மனைவி மறக்கவில்லை. பயத்தில் கூடவே வந்திருந்தார்.

டொக்டருக்குக் காரணம் பிடிபட்டுவிட்டது. ஆசை எப்படி இருக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான், "ஆசை இருக்கோ?" என்றேன்.

"ஓம், பிக்கரிங்கில ஒரு வீடு" என்றார் கணவர்.

சொன்னதைச் சொன்னபடி மொழிபெயர்ப்பது தொழில் தர்மம். மொழிபெயர்த்தேன். டொக்டர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, மனைவி மீதான ஆசையைக் கேட்கச் சொன்னார். வாய் கூசாத சொல்லாகத் தேடிப் பிடித்தேன்.

"மனிசியில விருப்பம் இருக்கோ?"

அவருக்குக் கேள்வி விளங்கியது. தலையைக் குனிந்து, "இப்ப இல்லை" என்றார். மனைவிக்கு விளங்கியது வேறு. கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

"இருவது வருசம். டொக்டருக்கு முன்னால சொல்லுறார், என்னில விருப்பமில்லையெண்டு."

என் நாகரிகம் ஒரு குடும்பத்தைப் பிரிக்கப் பார்த்தது. இந்தத் தொழிலில் பிழை விட்டால் எல்லோர் காதிலும் விழ ஒப்புக்கொள்ள வேண்டும். வெட்கத்தோடு ஒப்புக்கொண்டேன்.

"அக்கா, பிழை என்னில. டொக்டர் அன்பைக் கேக்கேல்லை, படுக்கையில வாற ஆசையைக் கேட்டவர்."

பிறகு டொக்டர் விளக்கினார்; கூசாமல் தமிழில் சொன்னேன். அன்பு அப்படியே இருக்க, ஆசையை மட்டும் அந்தக் குளிசை குறைக்கக்கூடும். தானாக நிறுத்த வேண்டாம், வேறு மருந்து பார்க்கலாம். தன் ஆண்மையிலேயே ஏதோ பழுது என்று நினைத்திருந்த மனிதர் அப்போதுதான் நிமிர்ந்தார்.

மனைவி திரும்பவும் கதிரையில் இருந்தார்.

"டொக்டரைக் கேளுங்கோ தங்கச்சி. எனக்கும் ரெண்டு வருசமா உது இல்லை. நான் ஒரு குளிசையும் எடுக்கேல்லை. அது எதாலயாம்?"

பேர் சொல்லாமலே சுட்ட எங்கள் சனத்திடம் சொல் இருக்கத்தான் செய்தது: உது. நான்தான் பெரிய அகராதி.

இளைய இன்ரர்பிரிட்டர்களே, வெட்கப்படுவதற்கு நமக்குச் சம்பளம் இல்லை. அந்தப் பெண்ணிடம் அதுவரை ஒருவரும் 'உது' பற்றிக் கேட்டிருக்கவில்லை. டொக்டரும் இல்லை, புருசனும் இல்லை, பக்கத்திலேயே இருந்த நானும் இல்லை.