பழசுக்குத் திரும்பும் அவகாசம்

வட்டவளையில் கடைத்தெரு முடிகிற இடத்தில் எங்கள் ஸ்டூடியோ இருக்கிறது. என் கணவர் படம் எடுப்பார். நான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அவற்றைத் திருத்தி ஆல்பமாக்குவேன். சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் நடந்த கல்யாணம், சடங்கு, காதுகுத்து, சாவு எல்லாம் எங்கள் டிஸ்க்கில் கிடக்கின்றன.

எங்கள் கம்ப்யூட்டர்களில் இருந்த சிஸ்டம் பழையது. இனி அதற்குப் பாதுகாப்பு கிடையாது, புதியதற்கு மாறிக்கொள்ளுங்கள் என்று ஓர் அறிவிப்பு திரையை மறைத்துக்கொண்டு வரத் தொடங்கியது. வரும்போதெல்லாம் ‘பிறகு பார்க்கலாம்’ என்பதை அழுத்திவிட்டு வேலையைத் தொடர்வேன். மாறிவிடலாம் என்றார் கணவர். எனக்கு மனம் வரவில்லை. ஆல்பம் செய்யும் மென்பொருள் புதியதில் ஓடாமல் போனால் கல்யாண வீட்டுக்காரர்களுக்கு யார் பதில் சொல்வது?

கினிகத்தேனையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் சிங்களவர் ஒருவர் இருக்கிறார். எங்கள் வயதுக்காரர். நன்றாகத் தமிழ் பேசுவார். அவரைக் கூப்பிட்டுக் கேட்டோம்.

“அக்கா, முதல்ல லேப்டாப்புக்கு மட்டும் போட்டுப் பாருங்க. புடிக்கலன்னா கொஞ்ச நாளைக்குள்ள பழசுக்கே திரும்பிறலாம். அந்த நாள் தாண்டினா திரும்ப ஏலாது” என்றார்.

அது நியாயமாகப் பட்டது. லேப்டாப்பில் புதியதைப் போட்டு, எல்லாப் படங்களையும் அதில் ஒரு பிரதி ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். நான் பயந்தபடி எதுவும் நடக்கவில்லை. ஆல்பம் மென்பொருள் முன்னைவிட வேகமாகவே ஓடியது.

ஆனால் புதியதோடு வந்த, படம் பார்க்கும் செயலி ஒரு காரியம் செய்தது. நாங்கள் கேட்காமலே எல்லாப் படங்களையும் துழாவி முகங்களைப் பிரித்து அடுக்கியது. ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு முகம். அதை அழுத்தினால் அந்த ஆள் இருக்கும் படங்கள் எல்லாம் வரிசையாக வரும். முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. காதுகுத்தில் அழுத குழந்தை கல்யாணத்தில் மாப்பிள்ளையாக நின்றது. பிறகு ஒரு கிழவரின் வட்டத்தை அழுத்தினேன். பேத்தியின் கல்யாணத்தில் வாய்விட்டுச் சிரித்த முகத்துக்குப் பக்கத்திலேயே சவப்பெட்டிக்குள் கண்மூடிக் கிடந்த முகத்தையும் வைத்திருந்தது. அதற்கு இரண்டும் ஒன்றுதான். அப்படிப் பல பேர். கதவு வழியாகப் பனிமூட்டம் உள்ளே வந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம் அது. எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன்.

திரும்பி வந்து பார்த்தபோது திரையில் ஒரு கேள்வி இருந்தது. ஆங்கிலத்தில்தான். இரண்டு முகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இவர்கள் இருவரும் ஒரே ஆளா, ஆம், இல்லை என்று கேட்டிருந்தது.

இடது பக்கம் இருந்த முகத்தை எனக்குத் தெரியும். தோட்டத்தின் மேல் டிவிஷனில் பல வருஷத்துக்கு முன் மண்சரிவு வந்து, லயத்து வீட்டு வரிசையின் ஒரு கோடியை இழுத்துக்கொண்டு போனது. அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பெண் அவள். பரீட்சைக்குப் படிக்கவென்று வீட்டில் இருந்தாள். அவளுடைய அம்மா மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். மற்றவர்களைத் தோண்டி எடுத்தார்கள். அவளை மட்டும் எடுக்க முடியவில்லை. சடங்குக்கு நாங்கள் எடுத்த படத்தைத்தான் அவள் அம்மா, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், சட்டம் போட்டு வைத்திருக்கிறார். ஆனால் இத்தனை வருஷமாகியும் அதற்கு மாலை போடவில்லை.

வலது பக்கம் இருந்தது கந்தப்பளையில் இந்தத் தை மாசம் நாங்கள் எடுத்த கல்யாணத்தில் இருந்து வெட்டிய முகம். மண்டபச் சுவரோரம் பெண்கள் நிற்கிறார்கள். எல்லாரும் மணமேடையைப் பார்க்க, பச்சைச் சேலை கட்டிய ஒருத்தி மட்டும் நேரே கேமராவைப் பார்க்கிறாள். கன்னம் கொஞ்சம் ஒடுங்கியிருந்தது. அந்தப் பெண் இருந்திருந்தால் இப்போது அந்த வயதுதான் இருக்கும்.

கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

“நான் எடுத்த படந்தான். ஆனா இந்தப் பொண்ணப் பாத்த ஞாபகமே இல்ல” என்றார்.

அந்தக் கல்யாணத்தின் மற்றப் படங்கள் அத்தனையையும் தேடினோம். பந்தி, ஊர்வலம், மொய் எழுதும் இடம், எதிலும் அவள் இல்லை. அந்த ஒரு படத்தில் மட்டும் இருந்தாள்.

“கண்ணும் மூக்கும் ஒத்துப்போனா ஒண்ணா வெக்கும். மிசினுக்கு என்ன தெரியும்? பழசுக்கே திருப்பிருவோம்” என்றார். புதியது வேண்டும் என்று நின்றவர் அவர். வேண்டாம் என்று நின்றவள் நான். இப்போது என்னால் அதைத் திருப்ப முடியவில்லை. திருப்பினால் அந்தக் கேள்வியும் போய்விடும். அது போய்விட்டால் நாம் ஒன்றைப் பார்த்துவிட்டு மூடி வைத்தவர்கள் ஆகிவிடுவோம் என்று தோன்றியது. அவரிடம் இதைச் சொல்லவில்லை. ரெண்டு நாள் பொறுங்க என்று மட்டும் சொன்னேன்.

அந்த இரண்டு நாளுக்குள் அந்த அக்காவே கடைக்கு வந்தார். அடையாள அட்டையைப் பிரதி எடுக்க வந்திருந்தார். லேப்டாப் மேசையில் திறந்து கிடந்தது. மூடக் கை போனது. அதற்குள் பார்த்துவிட்டார். கையில் இருந்த அட்டையை மெதுவாக மேசைமேல் வைத்தார்.

“இது எப்ப எடுத்தது தங்கச்சி?”

“தை மாசம்.”

“எங்க?”

“கந்தப்பளையில, ஒரு கல்யாண வீட்டுல.”

“கீழ என்ன எழுதியிருக்கு?”

தமிழில் சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

“நீங்க என்ன பதில் போட்டீங்க?”

“ஒண்ணும் போடலக்கா.”

அவர் அழவில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவும் இல்லை. “என்னய அங்க கூட்டிக்கிட்டுப் போவீங்களா?” என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு மூன்று பேரும் பஸ் ஏறினோம். அட்டன் போய், அங்கிருந்து நுவரெலியா போய், கந்தப்பளை பஸ்ஸைப் பிடித்தோம். நான் அச்சடித்துக் கொடுத்த படத்தை வழியெல்லாம் அக்கா மடியில் கவிழ்த்து வைத்திருந்தார்.

பெண் வீட்டில் எங்களை உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்தார்கள். மணப்பெண்ணின் அம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இந்தப் புள்ள மாப்பிள்ள வீட்டு ஆளுங்க. நான் அப்புடித்தான் நெனச்சேன்.”

மாப்பிள்ளையும் அப்போது அங்கே இருந்தார். எட்டிப் பார்த்தார். “எங்க பக்கம் இப்புடி யாரும் இல்லீங்களே. நாங்க உங்க சொந்தம்னு நெனச்சோம்” என்றார்.

அவர் படத்தைப் போனில் பிடித்துத் தன் வீட்டாருக்கு அனுப்பினார். பக்கத்து லயத்தில் இருந்தும் இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். யாருக்கும் அவளைத் தெரியவில்லை. நன்றாக உடுத்தி வந்ததால் யாரும் யாரென்று கேட்கவும் இல்லை. கடைசியாக, உள்ளே இருந்து மணப்பெண்ணின் அத்தை வந்தார்.

“நாந்தான் இவளுக்குப் பரிமாறுனேன். கடைசிப் பந்தி. தனியா உக்காந்திருந்தா. ஒரு வார்த்த பேசல. பாயாசத்துக்கு மட்டும் ரெண்டாவது தடவ எலையக் காட்டுனா.”

அக்கா தலையைத் தூக்கினார்.

“வயிறு ரொம்பச் சாப்புட்டாளா?”

“சாப்புட்டாம்மா. எலைய நான்தானே எடுத்தேன். ஒரு பருக்க இல்ல.”

அக்கா எழுந்து அந்த அத்தையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவ்வளவுதான். பொலிசில் சொல்லிப் பார்க்கலாமா என்று என் கணவர் வாசலில் வைத்துக் கேட்டபோது, “என்னன்னு சொல்ல தம்பி?” என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸைச் சுற்றிப் பனிமூட்டம் வெள்ளையாக மூடியிருந்தது. முன்னால் போகும் லொறியின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. ஜன்னலோரம் இருந்த அக்கா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ரோட்டோரத்தில் நடப்பவர்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். நானும் பார்த்தேன். குடைக்குள் போகிற ஒவ்வொரு பெண்ணும் யாரோ மாதிரி இருந்தாள்.

வட்டவளையில் இறங்கியதும் என் கணவர் தயங்கிச் சொன்னார். “அக்கா, இந்தப் புதுசு வந்ததாலதான் உங்களுக்கு இந்தக் கஷ்டம். பழசுக்கே மாத்திறோம். இன்னும் டைம் இருக்கு.”

“மாத்தாதீங்க தம்பி.” அவசரமில்லாமல்தான் சொன்னார். “அது கேட்டதுக்கு ஆமான்னும் போடாதீங்க, இல்லன்னும் போடாதீங்க. அப்படியே கெடக்கட்டும். நீங்க நாலு ஊரு கல்யாணத்துக்குப் போறீங்க. எங்கயாவது திரும்ப வந்தா அது பாத்துச் சொல்லும்ல.”

அவர் மேல் டிவிஷன் ரோட்டில் ஏறிப் போனார்.

அவகாசம் முடிந்த நாளில் திரையில் எந்த அறிவிப்பும் வரவில்லை. போய்ப் பார்த்தபோது, பழசுக்குத் திரும்பும் பொத்தான் மங்கலாகி, அழுத்த முடியாமல் இருந்தது. அடுத்த வாரம் கினிகத்தேனைக்காரர் வந்து மற்றக் கம்ப்யூட்டருக்கும் புதியதைப் போட்டுவிட்டுப் போனார்.

கல்யாண வீடுகளில் என் கணவர் இப்போது சுவரோரம் நிற்பவர்களையும் விடாமல் எடுக்கிறார். யார் பக்கம் என்று கேட்கவும் செய்கிறாராம். சிலர் முறைக்கிறார்களாம். போன மாதம் அட்டன் பக்கத்துக் கல்யாணம் ஒன்றின் படங்களை ஏற்றினோம். அக்காவுக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன். மத்தியான இடைவேளையில் கொழுந்துக் கூடையோடு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். முகங்கள் ஒவ்வொன்றாக வந்து அவரவர் வட்டத்துக்குள் போயின. அந்தப் பச்சைச் சேலை முகத்தோடு புதிதாக ஒன்றும் சேரவில்லை.

“சரி தங்கச்சி, கொழுந்து நிறுக்கக் கூப்புடுவாங்க” என்று சொல்லிவிட்டு, கூடையை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு போனார்.