வண்டி ஓட்டியது யார் என்று டாக்டர் கேட்டபோது…

முந்தாநாள் திண்டிவனத்தில், ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில், முதல் கேள்விக்கே என் வீட்டுக்காரர் பொய் சொல்லிவிட்டார்!

"வண்டி ஓட்டினது யாருங்க?"

"நான்தான் டாக்டர். இவங்க பின்னாடி உக்காந்துக்கினு வந்தாங்க."

ஓட்டியது நான்!

மயிலம் ரோட்டில் ஸ்கூட்டி பழகிக்கொண்டிருந்தேன். குறுக்கே ஓர் ஆடு. பிரேக் அடித்ததும் சாய்ந்துவிட்டோம். (ஆடு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை!)

என்னிடம் எல்எல்ஆர் மட்டும்தான். போலீஸ் கேஸாகிவிடுமோ என்று அவருக்குப் பயம்.

அவர் முழங்கையில் ரத்தம் கொட்டியது. டாக்டர் அவருடைய வயிற்றைத்தான் அழுத்திப் பார்த்தார்.

"ஹேண்டில்பார் வயித்துல குத்துச்சா?"

"இல்லீங்க."

குத்தியது என்னை. இடது விலாவுக்குக் கீழே.

எனக்கு முழங்காலில் சிராய்ப்பு என்று மருந்து போட்டு, ஊசி குத்தி, உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

வயிறு கனத்தது. அடியே படாத இடது தோள்பட்டையும் வலித்தது. அவரிடம் மெதுவாகச் சொன்னேன்.

"வூட்டுக்குப் போய்ப் பாத்துக்கலாம். கம்முனு இரு."

எழுந்தேன். கண் இருட்டியது. உடம்பெல்லாம் குளிர்ந்த வேர்வை. ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் முகம் கண்முன் வந்தது.

"டாக்டர், ஓட்டினது நான்தாங்க! ஹேண்டில் என் வயித்துலதான் குத்துச்சு. தோள்பட்டை வேற வலிக்குது."

டாக்டர் முகம் மாறியது.

"மொதல்லயே சொல்லக் கூடாதாம்மா? ஓட்டுறவங்களுக்கு அடிபடுறது வேற, பின்னாடி இருக்கிறவங்களுக்கு வேற. அத வச்சிதான் எங்க தேடணும்னே எங்களுக்குத் தெரியும்!"

ஜல்தியாக ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

மண்ணீரலில் கிழிசல். உள்ளே ரத்தக் கசிவு. தோள்பட்டை வலித்ததும் அதனால்தானாம்.

உடனே ஆம்புலன்ஸில் விழுப்புரம். என் கையைப் பிடித்தபடி வந்தவர், விக்கிரவாண்டி தாண்டும்போது உடைந்துவிட்டார்.

"உன்ன வூட்டுக்குக் கூட்டிக்கினு போயிருப்பேனே…"

எனக்கு நாக்கு வறண்டிருந்தது. தண்ணீர் கேட்டேன். கொடுக்கக் கூடாது என்றார்கள்.

இரண்டு ராத்திரியும் பிபி பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு முறையும் நர்ஸ் முகத்தையே பார்ப்பேன். குறைந்தால் ஆபரேஷன்!

இன்று காலை சர்ஜன் சொன்னார்: "ரத்தம் நின்னுடுச்சும்மா. ஆபரேஷன் வேணாம். ஆனா கட்டில விட்டு எறங்கக் கூடாது."

அவர் வராண்டாவுக்குப் போய் நின்றுகொண்டார். அழுதிருப்பார். (கண்ணில் தூசியாம்!)

யார் ஓட்டினார்கள், எதில் மோதியது, எங்கே குத்தியது என்று டாக்டர் கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுங்கள், ப்ளீஸ்.

சற்றுமுன் மகள் வீடியோ காலில் வந்தாள்.

"வலிக்குதாம்மா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"வலிக்குதுடி தங்கம்" என்றேன்.