பனிமலையில் சிவத்தைப் படமெடுப்பது

மெல்போர்னில் என்னோடு படித்த சிவம் அடுத்த வாரம் யாழ்ப்பாணத்துக்கே திரும்பிவிடுகிறான். ஃபெதர்டொப் மலையுச்சியில், சற்றுத் தள்ளிப் பனிக்குள் நிற்கும் அவனைப் படம் எடுக்கிறேன். திடீரென்று, கமராவில் பிலிமை நகர்த்தும் பிடி எந்தத் தடையும் இல்லாமல் சுற்றுகிறது.

என்னருகே இளைப்பாறும் வெள்ளைக்காரர் அதை வாங்கிச் சுற்றிப் பார்க்கிறார்.

"குளிருக்கு பிலிம் அறுந்திருக்கும்."

"எந்தப் படத்தோட அறுந்தது?"

"திறந்தால்தான் தெரியும். இந்த வெளிச்சத்தில் திறந்தால் எடுத்த படங்களும் போய்விடும்."

காலையிலிருந்து எடுத்ததில் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா? சிவத்திடம் இப்போதே சொல்வதா, இறங்கிய பிறகா?

"மச்சான், அம்மாவுக்கு இன்னொண்டு எடு," என்று சிவம் தொப்பியைக் கழற்றித் தலையைக் கோதிக்கொள்கிறான். குளிரில் அவன் உதடுகள் நீலம் பாரித்திருக்கின்றன.

கமராவைத் திரும்ப வாங்கிக் கண்ணில் வைக்கிறேன்.

"கொஞ்சம் சிரியடா," என்கிறேன்.