நன்கொடைப் புத்தகத்தில் ஒரு சுழி

போன வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு சின்னச் சுழிதான் காரணம்.

காலமான எங்கள் பாதிரியார் பேரில் மிஷன் பள்ளி வளாகத்தில் ஒரு படிப்பகம் கட்டப் போகிறோம். உங்களில் பாதிப் பேர் அவரிடம் பிரம்படி வாங்கியிருப்பீர்கள்... வெள்ளைக்காரர். ஆனால் ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் கூலிகள் குடியிருக்கும் லயத்துக்கும் கஞ்சியோடு வந்து நிற்பார். பள்ளி நிர்வாகம் ஒரு துண்டு நிலத்தைக் காட்டியது. சனிக்கிழமைக்குள் தமிழர்களின் நன்கொடைப் புத்தகம் வராவிட்டால் அங்கே சைக்கிள் கொட்டகை எழும்பும் என்றும் சொல்லிவிட்டது. புத்தகத்தோடு அலையும் வேலை என் தலையில் விழுந்தது.

நன்கொடை கேட்டு அலைந்தவர்களுக்குத் தெரியும் — முதல் கையெழுத்து கனத்த கை போட்டதாக இருக்க வேண்டும். அடுத்தவர் அதைப் பார்த்துத்தான் பேனா மூடியைத் திறப்பார். ஆகவே நேராகப் பினாங்கு ஸ்திரீட் செட்டியாரிடம் போனேன்.

"பாதிரியாருக்கா? கொண்டாங்க தம்பி" என்றார். தாராளமாகவே எழுதினார். மனம் குளிர்ந்து ரிக்ஷாவில் ஏறி உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தால்... பக்கத்தின் உச்சியில், நட்ட நடுவில், பிள்ளையார் சுழி.

அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? வெற்றுத் தாளைக் கண்டால் சுழி போடாமல் அவர் கை நகராது. கிறிஸ்தவப் போதகரின் நினைவுக் கட்டடம் என்று கை எங்கே யோசித்தது? தலைப்புக்கூட எழுதாமல் முதல் பக்கத்தை நீட்டியது என் தப்பு.

இதைப் படிப்பகக் கமிட்டிச் செயலாளர் ஆசீர்வாதம் வாத்தியாரிடம்தான் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். கிறிஸ்துமஸ் அன்று வாசலில் கோலம் போட்டதற்காக ஒரு குடும்பத்தோடு மூன்று மாதம் பேசாமல் இருந்தவர். பக்கத்தைக் கிழி என்பார். கிழித்தால் செட்டியார் கையெழுத்தும் போகும். சுழியில்லாமல் மறுபடி எழுதுங்கள் என்று எந்த முகத்தோடு போய்க் கேட்பேன்?

அடுத்தது சூலியா ஸ்திரீட் துணிக்கடை ராவுத்தர். சுழியை விரலால் மறைத்தபடியே புத்தகத்தை நீட்டினேன்.

"கைய எடுங்க தம்பி, மேல யாருன்னு பாக்க வேணாமா?" என்றார். பார்த்தார். "செட்டியாரு அவரு வழக்கத்தப் போட்டிருக்காரு. நமக்கும் வழக்கம் இருக்கு லா. எங்க மூத்தவன் பாதிரியார்கிட்ட படிச்சவன்தானே."

பிஸ்மில்லாவுக்குப் பதிலாக 786 என்று எழுதி, அதன் கீழே தம் பெயரைப் போட்டார். சந்தோஷப்பட வேண்டிய நேரம். எனக்கோ வாத்தியார் முகம்தான் தெரிந்தது. ஒன்றுக்கு இரண்டாக அல்லவா ஆகிவிட்டது?

வெள்ளிக்கிழமை மாலை கமிட்டி கூடியது. வாத்தியார் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் பக்கத்தையே பார்த்தார். சாவியை எடுத்துப் போய் அலமாரியைத் திறந்தார். கத்தரிக்கோல் வருகிறது என்று நினைத்தேன்... வந்தது பாதிரியாரின் பிரசங்க நோட்டு. அவர் கைப்பட எழுதிய தமிழ்.

முதல் பிரசங்கத்தின் உச்சியில் சுழி. இரண்டாவதிலும் சுழி.

"அவருக்குத் தமிழ் சொல்லிக் குடுத்த முன்ஷி தஞ்சாவூர்க்காரரு" என்றார் வாத்தியார். "தமிழ்ல எழுத ஆரம்பிச்சா இதப் போட்டுத்தான் ஆரம்பிக்கணும்னு பழக்கிட்டாரு. இவரும் கடைசி வரைக்கும் போட்டாரு. பதினஞ்சு வருஷம் கூடவே இருந்தேன். இது பிள்ளையார் சுழின்னு எடுத்துச் சொல்ல மனசு வரல."

கோலத்துக்குக் கோபித்தவர் இந்தச் சுழிகளை இத்தனை காலம் பூட்டிப் பாதுகாத்திருக்கிறார். ஒரு மனிதரை இவ்வளவுதான் என்று முடிவு கட்டிப் பயந்துகொண்டிருந்த என்னை என்னவென்று சொல்வது?

வாத்தியார் என் பேனாவைக் கேட்டு வாங்கினார். ராவுத்தருக்குக் கீழே தம் பெயரை எழுதினார். எழுதுவதற்கு முன்னால், ஓரத்தில், பேனா சின்னதாக ஒரு சுழி சுழித்தது. நான் பார்ப்பதை அவரும் பார்த்துவிட்டார்.

"மை வருதான்னு பாத்தேன்" என்றார்.