கலுங்கை அடைத்த நாள்

சிக்கல் என்ற பக்கத்து ஊரின் சினிமாக் கொட்டகையில் தரை டிக்கெட்டுக்குப் பரப்பியிருந்த ஈர மணலும் பீடிப் புகையும் கலந்த வாடை இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. எங்கள் ஊரின் புத்தி அந்த மணலில்தான் புதைந்தது என்பது என் முடிவு.

எங்கள் அய்யா கண்மாய்க்கு 'நீர்ப்பாய்ச்சி'. மடையைத் திறப்பது, அடைப்பது, வயலுக்கு வயல் தண்ணீர் விடுவது எல்லாம் அவர் பொறுப்பு. கண்மாய் நிறைந்தபின் மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் 'கலுங்கு' எப்படி இரைகிறது என்று படுத்தபடியே கேட்டு, கரை தாங்குமா தாங்காதா என்று சொல்லிவிடுவார். அந்த மனிதரைத்தான் சினிமா மூன்றே மாதத்தில் முட்டாளாக்கியது. அந்த வருஷம் ஓடிய படத்தில் கதாநாயகன் உடைந்த கரையில் குறுக்கே படுத்து வெள்ளத்தை நிறுத்துவான். கரை கட்டியே தலை நரைத்தவர்கள் அதற்குக் கைதட்டினார்கள். அய்யா ஏழு தடவை பார்த்தார்.

கார்த்திகையில், கொட்டகையில் டிக்கெட் கிழிப்பவர் ஒரு சேதி கொண்டுவந்தார்: அந்த நடிகர் மறுநாள் எங்கள் சாலை வழியாகக் கீழக்கரைக்குப் போகிறாராம். ஒரு படி விதை வாங்க மூன்று வீடு ஏறி விசாரிக்கிற ஊர், இதை யார் சொன்னது என்று கேட்கவில்லை. அவர்களுடைய கவலையெல்லாம், கலுங்குத் தண்ணீர் முழங்காலளவு சாலையைக் கடந்து ஓடும்போது கார் எப்படி வரும் என்பதுதான். நீங்கள் நம்பமாட்டீர்கள், கலுங்கையே அடைத்துவிட்டார்கள். முதல் மணல் மூட்டையை வைத்தவர் அய்யா. நானும் பாவாடையில் மணல் சுமந்தேன்.

அம்மா மட்டும் வந்து கேட்டாள்: "கலுங்கு பாயலைன்னா தண்ணி எங்கன போகும்?"

"அவுக வாரப்ப கரை ஒடஞ்சிருமாக்கும்? நீ போயி ஒலைய வையி," என்றார் அய்யா.

மறுநாள் விடிந்ததிலிருந்து, விடாத மழையில், சாலையோரம் நின்றோம். மதியத்துக்குமேல் கரை உடைந்தது. பால் பிடித்திருந்த நெல் அத்தனையும் மணலுக்கடியில் போனது. கார் வரவில்லை. உடைப்பில் குறுக்கே படுக்க ஒருவரும் முன்வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீர்ப்பாய்ச்சி வேலையை அய்யாவிடமிருந்து ஊர் பறித்தது. அந்தத் தையில் எங்கள் வீட்டில் பொங்கலுக்குப் புது அரிசி இல்லை. ஆனால் கரை உடைந்த மறுவாரமே அவர் கொட்டகைக்குப் போயிருந்தார். கதாநாயகன் வெள்ளத்தை நிறுத்தியபோது முதல் விசில் அவருடையது. பக்கத்தில் உட்கார்ந்து விசிலடித்தவர்கள், அவரிடமிருந்து வேலையைப் பறித்தவர்கள்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். கொட்டகை இல்லை, கண்மாய்க்குள் சீமைக்கருவேலம் அடைந்து கிடக்கிறது, கலுங்கின் இரைச்சலைக் கேட்டுக் கரையின் நிலை சொல்ல ஒருவரும் மிச்சமில்லை. அந்தக் கலுங்கின்மேல் ஏதோ ஒரு நடிகரின் பிறந்தநாள் தட்டியை நிறுத்தி, வளர்ந்த ஆண்கள் அதற்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். தூ என்று துப்பத்தான் வந்தது. துப்பவில்லை. கரை உடைந்த அன்று நானும் தேம்பித் தேம்பி அழுதேன்; பயிர் போனதற்கு அழுகிறேன் என்று நினைத்து அம்மா என்னை அணைத்துக்கொண்டாள். நான் அழுதது கார் வராததற்கு.