என் கணவர் பெயரில் இன்னொருவர்

எனக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகியிருந்தது. எழுபதுகளின் பிற்பகுதி. ஒரு நாள் காலை பத்தரை மணி இருக்கும், வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் எங்கள் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினார். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். காக்கி உடுப்பு இல்லாததால் அவர் போலீஸ் ஏட்டு என்று அவரே சொல்லித்தான் தெரிந்தது.

"பாய் இருக்காராம்மா?"

"கீழ்பென்னாத்தூர் போயிருக்காரு. சாயந்திரம்தான் வருவாரு."

என் கணவருக்குப் பழைய சாக்கு வியாபாரம். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மண்டிகளில் கிழிந்த சாக்குகளை வாங்கி வந்து, ஒட்டுப் போட்டுத் தைத்து விற்பார். வாரத்தில் மூன்று நாள் வெளியூர். மற்ற நாட்களில் கடைவீதியில் இருந்த எங்கள் சின்னக் கடையில் இருப்பார்.

ஏட்டு ஒரு காகிதத்தைப் பிரித்து வாசித்தார். என் கணவரின் பெயர். என் மாமனாரின் பெயர். எங்கள் தெரு. "இந்த ஆள் கராச்சியிலேர்ந்து விசா வாங்கிக்கினு மெட்ராஸ் வந்திருக்கான். மூணு மாசம்தான் தங்கலாம். திரும்பிப் போகலை" என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் போட்டோவை எடுத்து நீட்டினார்.

அது என் கணவர்தான். அதே நெற்றி, ஒரு பக்கம் சற்றே இறங்கிய அதே இடது புருவம். ஆனால் அவரிடம் இல்லாத ஒரு கோட்டு போட்டிருந்தார். கன்னம் ஒட்டிப்போய், கொஞ்சம் வயதாகித் தெரிந்தார்.

"இவரு இல்லீங்க" என்றேன். சொல்வதற்குக் கொஞ்ச நேரமானதை அவர் கவனித்திருப்பார். போட்டோவை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டு, "நாளைக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லும்மா. இருக்கற பேப்பரு எல்லாத்தையும் எடுத்துக்கினு வரட்டும்" என்று சொல்லிப் போனார்.

மறுநாள் என் கணவர் ரேஷன் கார்டு, பள்ளிக்கூட சர்ட்டிபிகேட், வீட்டு வரி ரசீது எல்லாவற்றையும் கொண்டுபோனார். மதியம் வரை உட்கார வைத்தார்களாம். எந்தக் காகிதத்தைக் காட்டினாலும் அதில் அதே பெயர், அதே தகப்பன் பெயர், அதே தெரு. அவர் அவர்தான் என்று காட்டக் கொண்டுபோன ஒவ்வொரு காகிதமும் அவரைத்தான் தேடுகிறார்கள் என்று காட்டியது. ஏட்டு கெட்ட மனிதர் இல்லை. "நீங்க அந்த ஆள் இல்லேன்னு எனக்குத் தெரியுது பாய். ஆனா பைலைப் படிக்கறவருக்கு எப்படித் தெரியும்? இது முடியற வரைக்கும் எங்க போனாலும் இதெல்லாம் கையில வச்சுக்கங்க" என்று சொல்லி அனுப்பினார்.

அன்று மாலை என் அண்ணன் வந்திருந்தார். அவர் பள்ளிக்கூட வாத்தியார். அவரும் அதையேதான் சொன்னார்.

"ஒரு துண்டுக் காகிதம், பையில கெடக்கட்டுமே மாப்பிள்ளை. என்னா கனமா இருக்கப் போவுது?"

"நம்ம தெருவுல பால் ஊத்தறாங்களே, அந்தம்மா வச்சிருக்காங்களா? பக்கத்துக் கடை டீ மாஸ்டர் வச்சிருக்காரா? அவங்க வச்சிருந்தா நானும் வச்சுக்கறேன்."

"அவங்களை யாரும் கேக்க மாட்டாங்க."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

இருவரும் சொன்னது எனக்குச் சரியாகவே பட்டது. ஆனால் எனக்குப் பயம். அதனால் அண்ணன் பக்கம் பேசினேன். என் கணவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

இரண்டு வாரம் கழித்து கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாண்டில் என் கணவரை பஸ்ஸிலிருந்து இறக்கி நிறுத்திவிட்டார்கள். புதிதாக வந்த போலீஸ்காரர் ஒருவர் பெயரைக் கேட்டு, எதையோ புரட்டிப் பார்த்து, ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்தார். கையில் ஒரு காகிதமும் இல்லை. பத்து வருஷமாக அந்த ஊரில் வியாபாரம் செய்தவர். தெரிந்தவர்கள் பலர் ரோட்டில் நின்று பார்த்தார்களாம். ஒரே ஒரு மண்டிக்காரர் மட்டும் உள்ளே வந்து, "இவரை எனக்குத் தெரியும்" என்று எழுதிக் கொடுத்தார். கடைசி பஸ்ஸில்தான் என் கணவர் வீட்டுக்கு வந்தார்.

மறுநாள் காலை எல்லாக் காகிதத்தையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி, இடுப்பில் கட்டும் பச்சை பெல்ட்டின் பைக்குள் வைத்துக்கொண்டார். நான் சொல்லவில்லை, அண்ணனும் சொல்லவில்லை, தானாகவே வைத்துக்கொண்டார். எனக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது.

பிறகு அவர் மாறத் தொடங்கினார். யார் கூப்பிட்டாலும் கை முதலில் இடுப்புக்குப் போகும். கண்டக்டர் சில்லறை கேட்டதற்கு ரேஷன் கார்டை எடுத்து நீட்டினாராம். ஒரு நாள் சமையலறையிலிருந்து நான் "ஏங்க" என்று கூப்பிட்டேன். பதில் வரவில்லை. வந்து பார்த்தால், பெல்ட்டைப் பிரித்தபடி நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மெதுவாக மூடிக்கொண்டார். 

அந்தப் போட்டோ என் கண்ணைவிட்டுப் போகவே இல்லை. வெளியூர் போகும் மூன்று நாட்களும் இவர் எங்கே போகிறார் என்று நான் யோசிக்க ஆரம்பித்தேன். அவர் சட்டையைத் துவைக்கும்போது பஸ் டிக்கெட்டுகளை எடுத்து வாசித்தேன். கீழ்பென்னாத்தூர், அவலூர்பேட்டை, மறுபடியும் கீழ்பென்னாத்தூர். வேறு எதுவும் இல்லை. ஆறு வருஷம் கூட வாழ்ந்தவரைச் சந்தேகப்பட எனக்கு ஒரு தபால்தலை அளவு போட்டோ போதுமானதாக இருந்தது. இதை எழுத இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அப்போதுதான் பால்காரம்மா ஒரு காலை கேட்டாள். "பாய்க்கு எம் மேல என்னா கோவம்? நேத்து எதுத்த செவுத்தோரம் நின்னுக்கினு வீட்டையே பாத்துக்கினு இருந்தாரு. நான் கூப்புட்டேன், திரும்பவே இல்ல."

முந்தின நாள் முழுக்க அவர் அவலூர்பேட்டையில் இருந்தார். டிக்கெட் என்னிடம் இருந்தது.

அதே வாரத்தில் எங்கள் கடைக்குப் பக்கத்து டீ மாஸ்டரும் என் கணவரிடம் ஒன்று சொன்னார். கடை பூட்டியிருந்த நாளில் ஒருவர் வந்து எங்கள் பெயர்ப்பலகையை ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாராம். "உங்க ஜாடைதான். ஆனா வயசு ஜாஸ்தி. டீ குடிக்கறீங்களான்னு கேட்டேன். அந்தப் போர்டுல என்னா எழுதியிருக்குன்னு என்னைக் கேட்டாரு. உங்க பேரைப் படிச்சுச் சொன்னேன். அப்படியே போய்ட்டாரு."

இதைக் கேட்டதும் என் கணவர் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஒரு மதியம் நான் உள்ளே குழம்பு கொதிக்க வைத்துவிட்டு நின்றிருந்தேன். வாசல் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாக அவர் முதுகு தெரிந்தது. குனிந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். அவர் எப்போதும் செய்வதுபோல வலது காலை இடது காலால் தேய்த்தார். சீக்கிரம் வந்துவிட்டார் என்று நினைத்து, "சோறு போடட்டுங்களா?" என்று கேட்டேன்.

அவர் அசையாமல் நின்றார். திரும்பவில்லை. நான் தட்டை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தேன். வாசலில் யாரும் இல்லை. குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. முதல் படிக்கட்டில் ஒரே ஒரு ஈரக்கால் தடம். உள்ளே வரக் காலெடுத்து வைத்தவர் மனம் மாறித் திரும்பியதுபோல. வெயிலில் அது காயும்வரை நான் தட்டோடு நின்றிருந்தேன். அரை மணி கழித்து என் கணவர் சாக்கு மூட்டையோடு வந்து இறங்கினார். அவர் கால் புழுதியாக இருந்தது.

பௌர்ணமி கழிந்து மூன்றாம் நாள் அது நடந்தது. மலை சுற்ற வந்த கூட்டமெல்லாம் போய் ஊர் காலியாக இருந்தது. மதியம் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் ஒருவர் வாசலில் நின்று கூப்பிட்டார். நான் மட்டும் எழுந்து போனேன். கையிலிருந்த சீட்டைப் பார்த்து என் கணவர் பெயரைப் படித்துவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்.

"உங்க வீட்டுக்காரராம்மா? காலைல தவறிட்டாரு. அடி அண்ணாமலைகிட்ட ரோட்டோரம் விழுந்து கிடந்தாருன்னு முந்தாநாள் யாரோ கொண்டாந்து சேத்தாங்க. நெஞ்சு நோவு. பேரு, அப்பா பேரு, இந்த விலாசம், அவ்ளோதான் சொன்னாரு. யாராவது வந்து வாங்கிக்கணும்."

எனக்குப் பின்னால் உள்ளறையில் அவர் தண்ணீர் குடித்து டம்ளரை வைக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. அங்கே தட்டு மட்டும் இருந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு கணம் உண்மையாகவே நினைத்தேன்.

அவர் கை கழுவிவிட்டு வந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார். "நான் வரேன்" என்று சொல்லிச் சட்டையைப் போட்டுக்கொண்டார். அந்த ஆள் அவர் முகத்தைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனார்.

ஆஸ்பத்திரியில் நடந்ததை அவர் பிறகு எனக்குச் சொன்னார். ஏட்டும் அங்கே வந்திருந்தார். இறந்தவரிடம் பாஸ்போர்ட் இல்லை, வேறு எந்தக் காகிதமும் இல்லை. உள்சட்டைப் பையில் ஒரு பழைய போட்டோ மட்டும் இருந்தது. இளவயதில் என் மாமனார் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் நான்கைந்து வயதுப் பிள்ளை. அந்தப் பிள்ளை என் கணவர் இல்லை. என் மாமனாருக்கு முடி நரைத்த பிறகு பிறந்தவர் அவர்.

"அத்தா சாவறதுக்கு முன்னாடி ஒரு வாரம் என் பேரைச் சொல்லிக் கூப்புட்டுக்கினே இருந்தாரு" என்றார் என்னிடம். "இங்கதான் அத்தா இருக்கேன்னு கையைப் புடிச்சேன். என்னைப் பாத்துட்டு, நீ இல்லேன்னாரு. புத்தி தடுமாறுதுன்னு நெனச்சேன். யார்கிட்டயும் சொல்லலை."

ஏட்டு அவரைத் தனியாக அழைத்துப் போய், "தெரியாத ஆளுன்னு எழுதிக் குடுத்துடுங்க பாய். அவன் வெளிநாட்டு ஆளு. சொந்தம்னு சொன்னா உங்களைத்தான் திரும்பத் திரும்பக் கூப்புடுவாங்க" என்றாராம். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். என் கணவர் பேனாவை வாங்கி, "என் அண்ணன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தக் காகிதத்தில் மேலே இறந்தவர் பெயரும் கீழே கையெழுத்தும் ஒரே பெயர். ஏட்டு இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டாராம்.

பள்ளிவாசல் ஜமாஅத்தார் வந்தார்கள். என் கணவரே தன் அண்ணனைக் குளிப்பாட்டினார். அன்று மாலையே அடக்கம் செய்தார்கள். வீட்டுக்கு வந்தவரிடம், "உங்களை மாதிரியே இருந்தாரா?" என்று கேட்டேன். "குளிப்பாட்டும்போது கூட இருந்தவங்க என்னைத்தான் பாத்துக்கினு இருந்தாங்க" என்றார். 

ஏட்டு சொன்னபடியே அலைச்சல் வந்தது. ஆனால் யாரும் எதிர்பாராத வழியில் வந்தது. சில மாதம் கழித்து ரேஷன் கடையில் கார்டைக் கொடுத்தபோது, பதிவேட்டில் என் கணவர் பெயர் சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தது. இறப்புப் பதிவில் இருந்த பெயரும் விலாசமும் அவருடையவைதானே. ஆபீஸுக்குப் போனால், "உயிரோட இருக்கறதுக்கு சர்ட்டிபிகேட் வாங்கிக்கினு வாங்க" என்றார்கள். பெல்ட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தார். "இதெல்லாம் செத்தவரோட பேப்பருங்க" என்றார் அங்கிருந்தவர். அவர் கேலி செய்யவில்லை. பதிவேட்டில் இருந்ததைத்தான் சொன்னார்.

எட்டு மாதம் அந்த ஆபீஸுக்கு நடந்தார். கடைசியில் தெருக்காரர்கள் ஐந்து பேர் வந்து, அவரை நேரில் காட்டி, கையெழுத்துப் போட்ட பிறகுதான் பெயர் திரும்ப ஏறியது. பால்காரம்மா கைநாட்டு வைத்தாள். டீ மாஸ்டர் கடையைச் சாத்திவிட்டு வந்தார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் பெல்ட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். "பீரோல வை. இனிமே இது என்கூட வராது."

"யாராவது கேட்டா?"

"இது இடுப்புல இருக்கும்போதே நான் செத்துட்டேன்னு எழுதிட்டாங்க. இன்னும் என்னா?"

எனக்கு மனம் ஒப்பவில்லை. வெளியூர் போகும் நாட்களில் அவர் வரும்வரை வாசலையே பார்த்திருப்பேன். ஒரே ஒரு முறை போலீஸில் கேட்டார்கள். "கார்டு வீட்டுல இருக்கு, வந்து பாருங்க" என்றாராம். விட்டுவிட்டார்கள். அவர் துணிச்சல் எனக்கு வரவே இல்லை. எண்பதுகளின் கடைசியில் எங்கள் மகள் வேலூரில் படிக்கப் போனபோது, அவளுக்குத் தெரியாமல் பள்ளிக்கூட சர்ட்டிபிகேட்டின் நகலை அவள் பெட்டியில் வைத்தேன். வைத்தது சரி என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. வைக்காமல் இருக்கவும் முடியவில்லை.

அடக்கம் ஆகி ஒரு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு கராச்சியிலிருந்து உருதுவில் ஒரு கடிதம் வந்தது. பள்ளிவாசல் இமாம் வாசித்துச் சொன்னார். இறந்தவரின் மனைவி எழுதியிருந்தாள். நாடு பிரிவதற்குப் பல வருஷம் முன்பே என் மாமனாரின் முதல் மனைவி கோபித்துக்கொண்டு, தன் அண்ணன்மாரோடு ஐந்து வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பம்பாய் போய், அங்கிருந்து கராச்சிக்குக் கப்பல் ஏறியவள். பிள்ளை காய்ச்சலில் இறந்துவிட்டதாக அவர்களே ஊருக்குச் சொல்லியனுப்பினார்களாம். அந்தத் துக்கத்தில்தான் என் மாமியாருக்குப் பிறந்த பிள்ளைக்கு அதே பெயரை வைத்திருக்கிறார் என் மாமனார். நெஞ்சு நோய் முற்றிய பிறகு, தகப்பனை அடக்கம் செய்த கபரையாவது பார்க்க வேண்டும் என்று என் கணவரின் அண்ணன் கிளம்பியிருக்கிறார். மெட்ராஸை விட்டு வெளியே போக அனுமதி இல்லாமலே எங்கள் ஊருக்கு வந்திருக்கிறார். கடிதம் எழுதியவள் கேட்டிருந்தது ஒன்றே ஒன்று. கடைசியில் அவரைக் குளிப்பாட்டியது சொந்தக்காரர் கையா, அந்நியர் கையா?

பதிலை என் கணவர் சொல்லச் சொல்ல இமாம் எழுதினார். முடித்ததும் கையெழுத்துக்காகக் காகிதத்தை நீட்டினார். என் கணவர் பேனாவை வாங்கிக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தார். அந்தப் பெயரைப் போட்டால், கராச்சியில் அந்தப் பெண் செத்துப்போன புருஷனின் பெயரில் வந்த கடிதத்தைப் பிரிப்பாள். அவர் என்னைப் பார்த்தார். 

பெயரைப் போடவில்லை. "தம்பி" என்பதை உருதுவில் எப்படி எழுதுவது என்று இமாமிடம் கேட்டு, அதைப் பார்த்துப் பார்த்து எழுதி, உறையை ஒட்டினார்.