கத்திக்கு எதிரே எழுந்து நின்ற சினை ஆடு

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டிய தெருவில் எங்கள் வீடு. தொண்ணூறுகளின் இறுதியில் சில ஆடுகள் வைத்திருந்தோம். கத்திரி வெயிலில் அவை பகலெல்லாம் சவுக்குத் தோப்பு நிழலில் படுத்துக் கிடக்கும். அந்த வருடம் தோப்பை வெட்டி விற்றுவிட்டார்கள். மணலும் அடிக்கட்டைகளும்தான் மிச்சம்.

ஒரு நண்பகலில் மற்ற ஆடுகள் தாமாகவே வீடு திரும்பின. நிறைசினையாக இருந்த கறுப்பு ஆடு மட்டும் வரவில்லை. தேடிப் போனேன். கழுத்துக் கயிறு ஒரு கட்டையில் சிக்கி, கொதிக்கும் மணலில் விழுந்து கிடந்தது. வாய் பிளந்து, நாக்கு வெளியே தள்ளி, எச்சில் நூலாக வடிந்தது. விலா படபடவென்று அடித்துக்கொண்டது. காதைத் தொட்டால் கை சுட்டது. தோளில் தூக்கி வந்து வீட்டு வேப்பமரத்தடியில் கிடத்தினேன்.

கூட்டம் கூடிவிட்டது. என் மனைவியின் தம்பி, யாரையும் கேட்காமல் கறிக்கடை பாயைக் கூட்டி வந்துவிட்டான். தானாகச் செத்த ஆடு எங்களுக்கு ஆகாது; உயிர் இருக்கும்போதே அறுக்க வேண்டும். அதனால் இழுத்துக்கொண்டு கிடக்கிற ஆட்டைக் கண்டால் எங்கள் தெருவில் முதலில் கத்தியைத்தான் தேடுவார்கள்.

"இன்னா மச்சான் பாத்துகினு நிக்கிற? உசுரு போச்சுன்னா நாய்க்குத்தான் போடணும். பிஸ்மி சொல்லி முடிச்சிடலாம்" என்றான் அவன்.

"கண்ணு சொருகிகினு கீது. சட்டுனு சொல்லுப்பா" என்றார் பாய், கைலியை மடித்துக் கட்டியபடி.

நாலு பேர் நடுவில் எனக்குப் பேச வாய் வராது. ஆட்டின் வயிற்றில் கை வைத்தேன். உள்ளே குட்டி உதைத்தது.

"அறுக்க வேணாம்."

இது என் குரலா என்று மனைவியே திரும்பிப் பார்த்தாள். அடுத்த நிமிடம் குடத்தோடு வந்து நின்றாள். கால்களிலும் அடிவயிற்றிலும் தண்ணீர் ஊற்றி, ஈரக் கோணியால் துடைத்து, முறத்தால் விசிறினோம். அவள் தம்பி ஐஸ் வாங்கி வர வண்டியை உதைத்தான்.

"டேய், ஆட்ட மீன் பொட்டியில வெச்சி மெட்ராசுக்கு அனுப்பப் போறியா? கெணத்துத் தண்ணி போதும், எறங்கு!" என்று மனைவி அவனை அதட்டினாள்.

பாய் மட்டும் போகவில்லை. கத்தியோடு எதிரே குந்தியிருந்தார். "நான் பாக்காத ஆடாப்பா? இது தேறாது."

மெல்ல மெல்ல மூச்சு நிதானப்பட்டது. நாக்கு உள்ளே போனது. உப்பும் வெல்லமும் கரைத்த தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தினேன், நக்கியது. சாயங்கால அஸர் தொழுகைக்கு பாங்கு சொல்லும்போது பின்பக்கத்தைத் தூக்கி, தள்ளாடி, எழுந்தேவிட்டது. நின்ற இடத்திலேயே பாயின் கைலி நனைய மூத்திரம் பெய்தது.

"அடச்சீ! தொழப் போற நேரத்துல!" என்று பாய் துள்ளி எழுந்தார்.

"தேறாதுன்னியே பாய், இப்ப தெரியுதா?" என்றான் மச்சினன். பாயும் சேர்ந்து சிரித்துவிட்டார்.

அந்த வாரமே ஆடு இரண்டு குட்டி போட்டது. ஆளுக்கொரு குட்டி வேண்டுமென்று வீட்டில் சண்டை. நானோ கைக்கொன்றாக இரண்டையும் ஏந்திக்கொண்டு, தெருவின் நட்டநடுவில், கறிக்கடை வாசல்வரை நடந்துவிட்டு வந்தேன்.